வாலாஜாபாத் ஸ்டேஷனும் ஸ்ரீபெரும்புதூரின் காத்திருப்பும்

2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கில் பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் யார்டுகளில் முடங்கிக் கிடந்த காலம். காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயில் வடக்கே புறப்பட்டது. 25 பெட்டிகள், பெட்டிக்கு ஐந்து வீதம் 125 கார்கள். எல்லாமே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தயாரானவை. போய்ச் சேர வேண்டிய இடம், உத்தரப் பிரதேசத்தில் நேபாள எல்லையை ஒட்டியிருக்கும் நவுதன்வா. அங்கே இறங்கிய கார்கள் சாலை வழியாக எல்லை தாண்டி நேபாளத்துக்குப் போயின.

வாலாஜாபாத் பெரிய ஜங்ஷன் கிடையாது. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் ஒற்றைப் பாதையில், பாலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஸ்டேஷன். சென்னைவாசிகளில் பலர் இந்தப் பெயரைக் கேட்டால் வாலாஜாபேட்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். ஆனால் டெல்லியிலோ கவுகாத்தியிலோ ஒரு ஷோரூம் வாசலில் நிற்கும் கார், சென்னைப் பக்கத்து ஆலையில் தயாராகி ரயிலில் வந்தது என்றால், அது இந்த ஸ்டேஷனில் ஏறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்பகுதியின் ரயில் கதையை வாலாஜாபாத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் எளிமையானது. ஸ்ரீபெரும்புதூரில் ரயில்வே ஸ்டேஷன் இல்லை. ஒரகடத்தில் இல்லை. சுங்குவார்சத்திரத்திலும் இல்லை. கார், லாரி, புல்லட், டயர், கண்ணாடி, செல்போன் என்று நாட்டுக்கும் உலகத்துக்கும் செய்து அனுப்புகிற இந்தப் பகுதி ஒரு முக்கோணத்தின் நடுவில் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று பக்கமும் தண்டவாளம். அந்த மூன்று பக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போடப்பட்டுவிட்டன. நடுப்பகுதிக்குத்தான் இன்னும் ஒரு கிலோமீட்டர் பாதைகூட வரவில்லை.

முதல் பக்கம் வடக்கே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. ராயபுரம் ஸ்டேஷனை அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 28 அன்று, அப்போதைய கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை. ரயில் போன ஊர் ஆற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு. பெட்டிகளைச் செய்து கொடுத்தது, குதிரை வண்டிகள் செய்து பேர் வாங்கியிருந்த சென்னை சிம்சன் கம்பெனி. திருவள்ளூர், கடம்பத்தூர், அரக்கோணம் என்று இந்தப் பாதை மேற்கே போனபோது ஸ்ரீபெரும்புதூர் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டது. பெங்களூருக்குப் போகிற பழைய நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் போனது. ரயில் வேறு வழியைப் பிடித்தது. இந்த வட்டாரத்தில் சாலையும் ரயிலும் பிரிந்த இடம் அதுதான். இன்றைய பிரச்சினையின் வேர் 1856இலேயே இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இரண்டாவது பக்கத்தின் கதை இன்னும் சுவையானது. பெரிய பாதையிலிருந்து ஒதுங்கிப்போன ஊர்களை மலிவான சிறிய பாதைகளால் இணைக்கலாம் என்ற எண்ணத்தோடு 1862இல் இந்தியன் டிராம்வே கம்பெனி உருவானது. அந்தக் கம்பெனி கையில் எடுத்த முதல் வேலை அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் பாதை. 1865இல் ரயில் ஓடியது. காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. நெசவும் கோயிலும் சேர்ந்த ஊர். சரக்கும் உண்டு, வரதராஜரின் கருட சேவைக்குக் குவிகிற கூட்டமும் உண்டு.

அந்தப் பாதையின் அகலம்தான் விசேஷம். மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். டிராம்வே கம்பெனி போட்டதோ மூன்றரை அடி, அதாவது 1,067 மில்லிமீட்டர். குறுகலாகப் போட்டால் செலவு குறையும், பாலங்கள் சிறிதாக இருந்தால் போதும், என்ஜினும் லேசாக இருக்கலாம் என்பது கணக்கு. செலவு குறைந்தது உண்மை. ஆனால் அரக்கோணத்தில் ஒரு ரயிலிலிருந்து மூட்டைகளை இறக்கி இன்னொரு ரயிலில் ஏற்ற வேண்டியிருந்தது. இறக்கி ஏற்றுகிற கூலி, நேரம், சேதாரம் எல்லாம் வியாபாரியின் தலையில் விழுந்தன. கம்பெனி பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, தஞ்சை, திருச்சிப் பக்கம் பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு சேர்ந்து, 1874இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆனது. மூன்றரை அடிப் பாதை மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. காஞ்சிபுரத்தோடு நின்றிருந்த பாதை வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு வரை நீண்டது.

மூன்றாவது பக்கம், சென்னையிலிருந்து தாம்பரம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோயில் வழியாகச் செங்கல்பட்டுக்கும் அதற்குத் தெற்கேயும் தென்னிந்திய ரயில்வே 1870களில் போட்ட மீட்டர் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே போகிறவர்கள் செங்கல்பட்டு வரும்போது ஜன்னல் ஓரத்தில் பார்க்கிற கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் போகிறதே, அதே பாதைதான். இதோடு முக்கோணம் மூடிக்கொண்டது.

வாலாஜாபாத்துக்கு ரயிலுக்கு முந்திய ஒரு வாழ்க்கை இருந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது. 1856இல் முதல் ரயில் போய் நின்ற வாலாஜாவும் அதே நவாபின் பெயரில் அமைந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வாலாஜாபாத்தில் படை முகாம் இருந்தது. சிப்பாய்கள் போன பிறகு, சுற்றுப்பட்டு நெசவாளர்களும் பாலாற்றங்கரை விவசாயிகளும் வந்துபோகிற சந்தை ஊராக அது நிலைத்தது. ரயில் வந்தபோதும் அந்தக் குணம் மாறவில்லை. நெல்லும் துணியும் பயணிகளும் வந்துபோகிற சிறிய ஸ்டேஷனாகவே நூறு வருடத்துக்கு மேல் காலம் தள்ளியது.

இந்தப் பாதையின் மற்ற ஸ்டேஷன்களும் அதே தினுசு: ரெட்டிப்பாளையம், வில்லியம்பாக்கம், பாலூர், பழைய சீவரம், நத்தப்பேட்டை. பழைய சீவரத்துக்குப் பக்கத்தில்தான் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்காக இந்த ஊருக்கு எழுந்தருளுவார். அந்த ஒரு நாள் மட்டும் ஊரே திமிலோகப்படும். மற்ற நாட்களில் ரயில் வந்து நிற்கும், சிலர் இறங்குவார்கள், சிலர் ஏறுவார்கள்.

முக்கோணத்தின் இந்த இரண்டு பக்கமும் மீட்டர் பாதையாக இருந்தவரை, வடக்கே டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ இங்கிருந்து ஒரு சரக்கு நேராகப் போக முடியாது. அரக்கோணம் வரை போய், அகலப்பாதை வண்டிக்கு மாற்றியாக வேண்டும். 1865இல் மூட்டைக்காரர்கள் பட்ட அதே சிரமம் வேறு உருவத்தில் தொடர்ந்தது. நாடு முழுக்க ஒரே அகலம் என்ற யூனிகேஜ் திட்டம் 1992இல் தொடங்கி, செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையும் அகலப்பாதையான பிறகே இந்தத் தடை நீங்கியது. வாலாஜாபாத்தின் இன்றைய முக்கியத்துவத்துக்கு ஆதாரம் அந்த மாற்றம். மீட்டர் பாதையே நீடித்திருந்தால் நவுதன்வா ரயிலை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

அதே தொண்ணூறுகளில்தான் முக்கோணத்தின் நடுப்பகுதியும் தலைகீழாக மாறியது. அதுவரை ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர், சித்திரைத் திருவாதிரைக்குப் போகிற ஊர். 1991 மே 21க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் நாடு முழுக்கத் தெரிந்தது. 1996இல் ஹூண்டாய் இந்தியக் கம்பெனி பதிவானது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. சிப்காட் நிலங்களில் வரிசையாக ஆலைகள் எழுந்தன. செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2006இல் நோக்கியா செல்போன் ஆலை தொடங்கி, 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கலங்கவைத்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. அப்பல்லோ டயர்ஸ், கோமாட்சு என்று பட்டியல் நீளும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே சந்திக்கும் கூட்டுரோடாக இருந்த ஒரகடம், பத்து வருடத்தில் உலகக் கார் வியாபாரத்தில் தெரிந்த பெயராகிவிட்டது.

இத்தனைக்கும் நம்பியிருந்தது சாலை மட்டுமே. கப்பல் ஏறும் கார்கள் சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூருக்கோ டிரெய்லரில் போயின. உள்நாட்டுக்குப் போகும் கார்களும் டிரெய்லரில்தான். ஒரு டிரெய்லரில் ஆறிலிருந்து எட்டு கார்கள் ஏறும். ஆயிரம் கார்களை அனுப்ப நூற்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் வேண்டும். அவை டெல்லி போய்ச் சேர ஒரு வாரம் ஆகிவிடும். வழியில் டீசல், சுங்கச்சாவடி, டிரைவர்களின் தூக்கமில்லாத இரவுகள், விபத்து அபாயம். திரும்பி வரும்போது சரக்குக் கிடைக்காவிட்டால் வண்டி காலியாக வர வேண்டும். இந்த நெருக்கடிதான் கம்பெனிகளைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பியது.

ரயிலில் கார் ஏற்றுகிற விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கார்களைச் சுமக்கும் பெட்டிகளுக்கு ரயில்வேயில் என்.எம்.ஜி. என்று பெயர். பெரும்பாலும் அவை பழைய பயணிகள் பெட்டிகள். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வடிவமைப்பில் செய்யப்பட்டு, இருபது, இருபத்தைந்து வருடம் ஆட்களை ஏற்றி ஓடிக் களைத்தவை. சீட்டு, பெர்த், கக்கூஸ், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். பெட்டியின் இரு முனைகளிலும் சுவர் இருந்த இடத்தில் அகலமான கதவு வைப்பார்கள்.

ரயில் சைடிங்கில் நின்றதும் எல்லாப் பெட்டிகளின் முனைக் கதவுகளும் திறக்கப்படும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே இரும்புத் தகட்டைப் பாலம்போல் இறக்குவார்கள். இப்போது மொத்த ரயிலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே குகை. கடைசிப் பெட்டியை ஒட்டியிருக்கும் ராம்ப்பில் முதல் கார் ஏறி, 25 பெட்டிகளையும் உள்ளுக்குள்ளேயே ஓட்டிக் கடந்து, முதல் பெட்டியின் முன் மூலையில் போய் நிற்கும். அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. இரண்டு பக்கமும் கையகல இடைவெளிதான். டிரைவர் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, கதவை முழுக்கத் திறக்க இடமில்லாமல் ஒருக்களித்து நெளிந்து வெளியே வருவார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பட்டை போட்டு இறுக்குவார்கள். பளபளவென்று இருக்கும் புது வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்த வேலையைச் செய்கிறவர்களின் கைப்பக்குவம் நிச்சயமாக ஒரு தொழில்திறன். அதற்கென்று ஒரு பெயரோ சான்றிதழோ இல்லை என்பதால் அது திறன் இல்லை என்றாகிவிடாது.

காருக்கென்றே செய்த இரட்டைத் தளப் பெட்டிகளும் இப்போது ஓடுகின்றன. அப்படி 27 வேகன் கொண்ட ஒரு ரேக்கில் சிறிய கார்கள் என்றால் 318 வரை ஏறும். தனியார் கம்பெனிகளே கார் வேகன்களை வாங்கி ஓட்ட ரயில்வே கொண்டுவந்த திட்டமும் இதற்குக் கை கொடுத்தது. இந்தியாவில் 2013–14இல் ரயிலில் போன கார்கள் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. பத்து ஆண்டுக்குள் அது ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டது. இந்த வளர்ச்சியில் பாலாற்றங்கரைச் சிறிய ஸ்டேஷனுக்கும் பங்கு இருக்கிறது.

ஆனாலும் ஒரு குறை. இங்கே ஆலைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே சாலை இருக்கிறது. கார்கள் ஆலையிலிருந்து வாலாஜாபாத் வரை சாலையில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். குஜராத்தில் ஹன்சல்பூர் மாருதி ஆலைக்குள்ளேயே சைடிங் போடப்பட்டு, 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆலை வாசலைத் தாண்டாமலே கார் ரயிலில் ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டு ஹரியாணாவின் மானேசரிலும் அப்படியே வந்தது. அந்த இரண்டு இடத்துக்கும் சளைக்காமல் கார் தயாரிக்கிற ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் எந்த ஆலைக்கும் அந்த வசதி கிடைக்காததற்கு ஒரே காரணம், பக்கத்தில் பாதை இல்லாததுதான்.

செங்கல்பட்டு–அரக்கோணம் பாதைக்கே நீண்ட காலம் ஒரு முடிச்சு இருந்தது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் 1992 முதல் இயங்குகிறது. அதன் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தக்கோலம்–அரக்கோணம் நடுவே ரயில் போனது. விமானம் இறங்குகிற வழியில் மின்கம்பம் நடுவதற்குக் கடற்படை சம்மதிக்கவில்லை. மின்சார ரயில்கள் திருமால்பூரோடு திரும்பிக்கொண்டிருந்தன. கடைசியில் தளத்தைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப் பாதை போட்டுத்தான் விஷயம் தீர்ந்தது. 2019இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் என்று சுற்றித் திரும்பக் கடற்கரைக்கே வரும் வட்ட ரயில் தொடங்கியது. சுற்றளவு சுமார் 190 கிலோமீட்டர். ரயில் ஆர்வலர்கள் கொண்டாடிய சேவை அது. ஆனால் அந்த ரயில் சுற்றிவருகிற வட்டத்துக்கு உள்ளேதான் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன.

கார்களின் ஸ்டேஷன் வாலாஜாபாத் என்றால், ஆட்களின் ஸ்டேஷன் சிங்கப்பெருமாள்கோயில். யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்வதில்லை. எஸ்.பி. கோயில் என்றால்தான் கண்டக்டருக்கும் ஷேர் ஆட்டோக்காரருக்கும் புரியும். பல்லவர் காலக் குடைவரையில் வீற்றிருக்கும் பாடலாத்ரி நரசிம்மரின் பெயரில் அமைந்த ஊர். ஒரகடத்துக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் நிற்கும் ஸ்டேஷன் இதுவே. பக்கம் என்றாலும் 12 கிலோமீட்டர் போல வரும். ஸ்ரீபெரும்புதூர் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிற பையனின் காலை இப்படிப் போகும். மதுராந்தகத்திலோ அச்சிறுபாக்கத்திலோ விடியுமுன் கிளம்பி ரயிலைப் பிடிக்க வேண்டும். எஸ்.பி. கோயிலில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வர வேண்டும். கம்பெனி பஸ் அந்த வழியில் வந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் டவுன் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. ஒரகடம் சாலைக்குத் திரும்பும் இடத்தில் ரயில்வே கேட். தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்களும் லோக்கல் ரயில்களும் அடுத்தடுத்துக் கடக்கிற பாதை என்பதால் கேட் மூடினால் சட்டென்று திறக்காது. இந்தப் பக்கம் டிரெய்லர், அந்தப் பக்கம் கண்டெய்னர், நடுவே கம்பெனி பஸ்கள். அங்கே மேம்பாலம் கட்டும் வேலை பல ஆண்டுகள் இழுபட்டது. உள்ளே போக அட்டையைத் தேய்க்க வேண்டிய நேரம் தாண்டினால் அரை நாள் சம்பளம் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது சின்ன விஷயம் கிடையாது.

கம்பெனி பஸ்கள்தான் இந்தப் பகுதியின் நிஜமான ரயில். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் தெரியும். வெள்ளை பஸ்கள், நெற்றியில் கம்பெனிப் பெயர், ஜன்னலில் சாய்ந்து தூங்கும் முகங்கள். காஞ்சிபுரம், உத்திரமேரூர், அரக்கோணம், திருத்தணி, செய்யாறு என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்களை அள்ளிக்கொண்டு வருகின்றன. எட்டு மணி நேர வேலைக்கு மூன்று, நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடுகிறவர்கள் உண்டு. ஊருக்குத் தினம் போய்வர முடியாதவர்கள், முக்கியமாக எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் இளம் பெண்கள், விடுதிகளில் தங்குகிறார்கள். வல்லம்–வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தங்கும் இடத்துக்காக எடுத்த முயற்சி பாராட்டத்தக்கது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக அவர்களுக்கு ஒரு ரயில் அங்கிருந்து வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம்.

பாதையே திட்டமிடப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு, இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு கிளையோடு, 60 கிலோமீட்டர் புதிய பாதை 2013–14 ரயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்தது. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1856இன் பாதையையும் 1870களின் பாதையையும் முக்கோணத்தின் உள்ளே குறுக்காக இணைக்கிற கோடு அது. தெற்கிலிருந்து வரும் சரக்கு ரயில் சென்னை நகருக்குள் நுழையாமலே வடக்கே போகலாம். ஆலைக்குள் சைடிங் போட வழி பிறக்கும். மதுராந்தகத்துப் பையன் கூடுவாஞ்சேரியில் மாறி, ஸ்ரீபெரும்புதூரிலேயே இறங்கலாம். அறிவித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ரயில் ஓடவில்லை. இதற்கிடையில் பாதை போக வேண்டிய நிலத்தில் லேஅவுட்டுகளும் கிடங்குகளும் எழும்பிவிட்டன. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருடமும் நிலத்தின் விலையும் இழப்பீட்டுத் தொகையும் ஏறுகின்றன.

வேறு திட்டங்களும் வந்துள்ளன. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். கடம்பத்தூரிலிருந்து அங்கே ரயில் இணைப்புத் தருவது திட்டத்தின் பகுதி. அது வந்தால் முக்கோணத்தின் உள்ளே நுழைகிற முதல் தண்டவாளமாக இருக்கும். பூந்தமல்லியோடு முடிகிற மெட்ரோ பாதையை ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டும் யோசனையும் இருக்கிறது. முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள். மெட்ரோ வருவது நல்லதுதான். ஆனால் மெட்ரோ சென்னைக்குப் போகிறவர்களுக்கு உதவும். இந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிறார்கள். காரையும் எந்திரத்தையும் மெட்ரோவில் ஏற்றவும் முடியாது.

1830களில், சென்னையின் முதல் தண்டவாளம் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவரத்தான் போடப்பட்டது. முதலில் சரக்கு, அப்புறம் ஆட்கள் என்ற வரிசை அன்று சுமார் இருபது ஆண்டுகளில் முடிந்துபோனது. இந்தத் தொழிற்பகுதியில் கார்களுக்கு ரயில் கிடைத்துவிட்டது, காரைச் செய்கிறவர்களுக்குக் கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டு உழைப்பில் மாநிலத்தின் வருமானத்துக்கும் ஏற்றுமதிக்கும் தூணாக நிற்கும் ஒரு பகுதிக்கு இது பெரும் அநீதி.

தாம்பரம்–செங்கல்பட்டு நடுவே மூன்றாவது பாதை வந்துவிட்டது, நான்காவதற்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதைகள் பயன்பட வேண்டுமானால் அவற்றிலிருந்து மேற்கே திரும்பும் கோடு தேவை. நிலம் எடுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு, பணமும் பணியும் தெற்கு ரயில்வேக்கு என்று பிரித்துக்கொண்டு, ஆவடி–ஸ்ரீபெரும்புதூர்–கூடுவாஞ்சேரிப் பாதையில் முதலில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள பகுதியையாவது எடுத்து முடிக்க வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். அதுவரை, எஸ்.பி. கோயிலில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற கூடுதல் ரயில்களும், ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒரகடத்துக்கு நேர் அரசு பஸ்களும், வாலாஜாபாத் பாதையில் காலை மாலை இன்னும் சில லோக்கல்களும் விடலாம். அதற்குப் புதிய தண்டவாளம் எதுவும் தேவையில்லை, ஒரு கால அட்டவணையும் அதை நடத்திக்காட்டும் மனமும் இருந்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.